வன்னிக் கடைவீதிகளின் பழைய வரிசை வீடுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் தொல்லியல் படித்தவன் அல்லன். கட்டடப் படம் வரைந்து பிழைத்தவன். வவுனியாவில் ஒரே கூரைக் கோட்டில் ஐந்தாக இருந்து இப்போது நான்காகிவிட்ட வரிசையொன்றில், நடுவிலுள்ள வீட்டில் இருக்கிறேன். எங்கள் கூரையைப் பிரித்துத் திருத்திய ஆண்டிலிருந்து மன்னார், மாங்குளம், முல்லைத்தீவு என்று பல பக்கமிருந்தும் ஆட்கள் வந்து கேட்கிறார்கள். வருகிற முகங்கள் வேறு, கேள்விகள் அவைதாம். ஆகவே எழுதி வைத்துவிட்டேன். சட்டம் பற்றி இங்கே இருப்பது பொது விளக்கம் மட்டுமே. உங்கள் உறுதியை, அதாவது காணி உரிமைப் பத்திரத்தை, கையில் வைத்துப் பார்த்த சட்டத்தரணி சொல்வதையே எடுங்கள்.

"வரிசை வீடு என்றால் லயன் வீடுதானே?"

இல்லை. லயன் என்பது தோட்டத்துக்காரர் தொழிலாளரைக் குடிவைக்கக் கட்டியது. முழு வரிசைக்கும் ஒரே உரித்தாளி. கடைவீதி வரிசையில் ஒவ்வொரு வீட்டுக்கும் தனி உறுதி உண்டு. தெருவைப் பார்த்த முகம் ஒடுக்கமாக இருக்கும், உள்ளே போகப் போக நீளும். முன்னால் விறாந்தை, அதை ஒட்டிக் கடை, பிறகு ஓர் அறை, நடுவில் சிறு முற்றம், அப்பால் குசினி, கடைசியில் கிணறு. இரு பக்கச் சுவரும் அயலவருடன் பொது. தெரு முகத்துக்குத்தான் விலை என்பதால் எல்லோரும் கொஞ்சம் கொஞ்சம் முகம் எடுத்துக்கொண்டு நிலத்தின் ஆழத்தில் குடியிருந்தார்கள்.

தெற்கே காலி நகரில் ஒல்லாந்தர் பெருப்பித்துக் கட்டிய கோட்டைக்குள் போனால் இதே அமைப்பைத் தெருத் தெருவாகப் பார்க்கலாம். எங்களுடையது அந்தப் பெரிய வீடுகளின் ஏழைத் தம்பி. ஆனால் பக்கச் சுவரில் யன்னல் வைக்க முடியாத வீட்டுக்கு வெளிச்சம் எப்படிக் கொடுப்பது என்ற சிக்கலுக்கு இரண்டும் கண்ட விடை ஒன்றுதான்: முற்றம்.

"வன்னியில் எங்கே பழைய நகரம்? காடும் குளமும்தானே?"

இதைக் கேட்பவர்களில் பாதிப்பேர் வன்னியிலேயே பிறந்தவர்கள் என்பதுதான் எனக்குக் கவலை. மன்னார்க் கோட்டையைப் போர்த்துக்கேயர் 1560 இல் கட்டினார்கள். முல்லைத்தீவில் இருந்த கோட்டையை வன்னிச் சிற்றரசன் பண்டாரவன்னியன் 1803 இல் தாக்கிக் கைப்பற்றினான். மன்னார்க் கரையில் அரிப்பு என்ற ஊரில் பிரித்தானிய ஆளுநர் பிரெடெரிக் நோர்த் கட்டிய மாளிகையின் மிச்சம் கடலரிப்பில் உதிர்ந்துகொண்டு இன்றும் நிற்கிறது.

ஆனால் இவை கோட்டையும் மாளிகையும். கடைவீதி அதற்குப் பிந்தியது, தெருவும் ரயிலும் பெற்ற பிள்ளை. வடக்கு ரயில் பாதை 1905 இல் முழுமையானது. தலைமன்னார்ப் பாதை 1914 இல் திறந்தது. நெல்லும் மரமும் ஏற்றும் நிலையத்தடியில் கடை போட்டவர்கள் பின்னால் குடும்பத்தையும் வைத்தார்கள். முல்லைத்தீவுக் கரையை 2004 இல் கடல் கொண்டுபோனது. கிளிநொச்சி எத்தனை தடவை தரைமட்டமானது என்று உங்களுக்கே தெரியும். நான் பார்த்தவரை, வரிசையாக நிற்பவை வவுனியாவிலும் மன்னாரிலும்தான் கொஞ்சம் மிச்சம். மற்ற இடங்களில் ஒன்றோ இரண்டோ, பல் விழுந்த வாய்போல நிற்கின்றன.

"எங்கள் வீட்டுக்கு எத்தனை வயது என்று எப்படி அறிவது?"

பாட்டன் கட்டியது என்பதை முதலில் மறந்துவிடுங்கள். எல்லா வீடும் பாட்டன் கட்டியதுதான். காணிப் பதிவகத்தில் பழைய உறுதிகளின் பதிவைத் தேடுங்கள். வீட்டில் இருந்த உறுதி இடப்பெயர்வில் போயிருந்தாலும், நொத்தாரிசு எழுதிய உறுதியின் இரண்டாம் பிரதி பதிவகத்துக்குப் போயிருக்க வேண்டும். அதில் காணியை விவரிக்கும் வரியைப் பாருங்கள். ஓர் உறுதியில் "மண்வீடும் கிணறும்" என்றும் அடுத்த உறுதியில் "கல்வீடும் கிணறும்" என்றும் இருந்தால், கல்வீடு அந்த இரண்டு திகதிகளுக்கும் இடையில் எழுந்தது. உங்கள் உறுதி சொல்லாவிட்டால் அயலவர் உறுதி எல்லை சொல்லும் இடத்தில் சொல்லியிருக்கும். உள்ளூராட்சி சபையின் பழைய சோலைவரிப் (வீட்டு வரி) பதிவேடு தப்பியிருந்தால் அது இன்னொரு சாட்சி.

ஓட்டின் அடியில் உள்ள முத்திரையைப் படம் எடுத்துக்கொண்டு வருபவர்கள் உண்டு. மங்களூர் ஓட்டில் தொழிற்சாலைப் பெயர் இருக்கும், உண்மைதான். ஆனால் ஓடு கழற்றி மாட்டும் பொருள். ஒரு வீட்டுக் கூரை இன்னொரு வீட்டில் ஏறுவது வன்னியில் புதினமே இல்லை.

"நூறு வருடம் தாண்டினால் தானாகவே தொல்பொருள் ஆகிவிடுமா?"

ஆகாது. 1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2 ஐ எல்லைக் கோடாக வைத்திருக்கிறது. கண்டி இராச்சியம் பிரித்தானியர் கைக்குப் போன நாள் அது. அதற்கு முந்திய கட்டடம் வேறு கணக்கு. அதற்குப் பிந்தியதாயின் நூறு ஆண்டு கடந்திருக்க வேண்டும். கடந்தாலும் போதாது, அமைச்சர் வர்த்தமானியில் (அரச இதழில்) கட்டளை வெளியிட்டால்தான் பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னம் ஆகும். ரயிலோடு வந்த கடைவீடுகளில் மூத்தவை நூறைத் தாண்டிவிட்டன. ஆக, வயது வந்துவிட்டது. வர்த்தமானிதான் வரவில்லை.

"உறுதிக் காணியா பெர்மிட் காணியா என்பது இதில் என்ன வித்தியாசம் செய்யும்?"

நிறைய. பெர்மிட், அதாவது 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் தந்த அனுமதிப்பத்திரம், உங்களுக்கு இருப்பதற்கும் பயிரிடுவதற்கும் உரிமை தருகிறது; காணி அரசுடையதாகவே இருக்கிறது. அரச காணியில் 1815 க்கு முந்திய கட்டடம் இருந்தால் தனிக் கட்டளை இல்லாமலே சட்டம் அதைப் பிடிக்கும். உறுதிக் காணியில் உள்ளதற்கு மேலே சொன்ன வர்த்தமானிக் கட்டளை வேண்டும். கடைவீதி வீடுகளில் உறுதியும் உண்டு, அரச குத்தகையும் உண்டு. பக்கத்து வீட்டுக்கு ஒன்றும் உங்களுக்கு வேறொன்றும்கூட இருக்கலாம். முதலில் உங்களுடையது எது என்று பாருங்கள். பல வீட்டில் அது பார்க்கப்படாமலே மூன்று தலைமுறை போயிருக்கிறது.

"தொல்லியல் திணைக்களத்துக்குச் சொன்னால் காணியை எடுத்துவிடுவார்களாமே?"

இந்தக் கேள்வியைச் சிரித்துத் தள்ள எனக்கு மனமில்லை. வழிபாட்டு இடமா தொல்லியல் இடமா என்று தகராறு நடக்கும் குருந்தூர்மலையையும் வெடுக்குநாறிமலையையும் பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு இந்தப் பயம் வானத்திலிருந்து விழவில்லை.

சட்டம் சொல்வதை மட்டும் சொல்கிறேன். தனியார் வீட்டைப் பாதுகாக்கப்பட்டதாக அறிவித்தாலும் உரித்து மாறாது. விற்கலாம், சீதனம் கொடுக்கலாம், குடியிருக்கலாம். காணியைச் சுவீகரிப்பது வேறு சட்டம், 1950 ஆம் ஆண்டின் காணி எடுத்தற் சட்டம். அதற்கு வேறு நடைமுறையும் நட்டஈடும் உண்டு. மாறுவது உங்கள் கை நீளம்தான். நினைத்தபடி இடிக்கவோ மாற்றவோ முடியாது. அறிவிக்கப் போகிறோம் என்ற அறிவித்தல் வந்தால், ஆட்சேபம் இருந்தால் எழுத்திலே கொடுங்கள். கடைத் திண்ணையில் பேசிய ஆட்சேபத்துக்குக் கோப்பு இலக்கம் கிடையாது.

"அறிவித்துவிட்டால் ஒரு ஓடு மாற்றவும் கடிதம் எழுத வேண்டுமா?"

திருத்தம், புதுப்பித்தல், மாற்றம், சேர்ப்பு எல்லாவற்றுக்கும் தொல்பொருள் பணிப்பாளர் நாயகத்தின் அனுமதி வேண்டும் என்பதுதான் சட்டம். உடைந்த ஓட்டுக்கு உடைந்ததைப் போன்ற ஓடு வைப்பதற்கும் தகரம் அடிப்பதற்கும் வித்தியாசம் உண்டு. ஆனாலும் கேட்டுச் செய்வது நல்லது. இன்னொன்று, உங்கள் வீடு அறிவிக்கப்படாவிட்டாலும் அருகில் அறிவிக்கப்பட்ட சின்னம் இருந்தால் அதைச் சுற்றிக் கட்டுவதற்கும் கட்டுப்பாடு வரலாம். நடைமுறையில் 400 யார் (கெசம்) தூரம் என்று சொல்வார்கள். கோட்டைக்குக் கிட்ட வீடு இருப்பவர்கள் இதை முதலில் விசாரியுங்கள்.

"லண்டனில் தங்கை இருக்கும் வரிசை வீட்டில் யன்னல் மாற்றவும் அனுமதி கேட்கிறார்களாம். இங்கே ஏன் அப்படி இல்லை?"

அங்கே பட்டியல் முறை இருக்கிறது. 1700 க்கு முந்திய கட்டடம் ஓரளவு பழைய உருவில் நின்றால் ஏறக்குறைய எல்லாமே பட்டியலில் சேரும்; 1700 க்கும் 1850 க்கும் இடைப்பட்டவற்றில் பெரும்பாலானவை சேரும். மூன்று தரம். பத்தில் ஒன்பதுக்கு மேல் இரண்டாம் தரம், அதாவது சாதாரண மனிதர் குடியிருக்கும் சாதாரண வீடுகள். பட்டியலில் வந்தால் உள்ளே இருக்கும் படிக்கட்டும் சேர்த்தி. அனுமதி இல்லாமல் மாற்றுவது குற்றம். நடுச்சுவருக்கென்றே 1996 இல் தனிச் சட்டம் கொண்டுவந்தார்கள்.

எங்கள் சட்டம் பெரிய சின்னத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. தாதுகோபம், கோட்டை, கல்வெட்டு எல்லாம் அதற்குப் பிடிபடும். வீதி ஒன்று முழுவதும் சேர்ந்து அழகாக இருக்கிறது என்பதை அதனால் எளிதில் பிடிக்க முடியாது. காலிக் கோட்டையில் அது முடிந்ததற்குக் காரணம், 1988 இல் உலக மரபுரிமைப் பட்டியலில் ஏறியதும் 1994 இல் அதற்கெனத் தனிச் சட்டத்தால் ஒரு மன்றம் அமைந்ததும். வவுனியாக் கடைவீதிக்கு யார் மன்றம் அமைப்பார்?

"அப்படியானால் வர்த்தமானியில் வராத வீட்டை எது காப்பாற்றும்?"

உங்கள் கணக்குப் புத்தி. விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

பழைய வரிசை தெருவின் விளிம்பில் நிற்கிறது. தெருக்கோடும் கட்டட எல்லையும் பிறகு வந்தவை. 1915 ஆம் ஆண்டின் வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம் தெருக்கோடு கீற இடம் கொடுத்தது. நகர அபிவிருத்தி அதிகார சபையின் பிரகடனப் பகுதிகளில் 1978 ஆம் ஆண்டுச் சட்டப்படி வேறு விதிகளும் உண்டு. பழைய வீடு நிற்கும்வரை நிற்கும். இடித்துவிட்டுப் புதுப் படம் கொண்டுபோனால் பின்னால் தள்ளிக் கட்டச் சொல்வார்கள். பதினைந்து அடி முகமும் ஒடுங்கிய நிலமும் உள்ளவன் முன்னால் விட்டு, பின்னால் விட்டு, வெளிச்சத்துக்கும் விட்டால் மிஞ்சுவது ஒரு கடையறை. படம் வரைய வந்த எத்தனையோ பேருக்கு இதைக் கீறிக் காட்டியிருக்கிறேன். மரபுரிமை பற்றி அரை மணி நேரம் பேசியும் அசையாதவர்கள் அந்த ஒரு கோட்டைப் பார்த்ததும் கதிரையில் சாய்ந்துவிடுவார்கள். இடிக்கமுன் சபைக்குப் போய், இடித்தால் எவ்வளவு கட்ட விடுவீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள்.

"நடுச்சுவர் யாருடையது? எங்கள் பக்கத்தை மட்டும் இடித்துக் கட்டலாமா?"

சுவருக்கு உங்கள் பக்கம், என் பக்கம் என்று பூச்சு மட்டும்தான் உண்டு. உறுதியும் நிலஅளவைப் படமும் வேறு சொல்லாவிட்டால் பொதுச்சுவர் இருவருக்கும் பொது. எங்கள் பொதுச் சட்டமான உரோமன் டச்சுச் சட்டத்தின்படி மற்றவர் சம்மதமில்லாமல் அதை ஒருவர் இடிக்க முடியாது, மற்ற வீட்டின் தாங்கலைப் பறிக்கவும் முடியாது. கூரை வளையின் தலை அந்தச் சுவரில்தான் புதைந்திருக்கும், சில வேளை இரு வீட்டு வளையும் ஒரே துளையில் முட்டிக்கொண்டு. வேலை தொடங்கமுன் அயலவரோடு இருந்து ஒரு தாளில் எழுதுங்கள்: எது இருக்கிறது, எங்கே வெடிப்பு, யார் எதைச் செய்கிறார். இருவரும் ஒப்பமிடுங்கள். படம் எடுத்துத் திகதி போடுங்கள். இந்தத் தாள் இல்லாததால் நீதிமன்றப் படியேறிய மச்சான்மாரை எனக்குத் தெரியும்.

"ஏழு உரித்தாளிகள், ஐந்து பேர் வெளிநாட்டில். கூரை ஒழுகுகிறது. யார் செய்வது?"

இருப்பவர்தான் செய்ய வேண்டும், வேறு வழியில்லை. வெளிநாட்டில் உள்ளவர்களிடம் அற்றோணித் தத்துவம், அதாவது அவர்கள் சார்பில் செயற்படும் அதிகாரப் பத்திரம், வாங்குங்கள், ஒருவர் பெயரில். செலவுச் சிட்டைகளை ஒரு கோப்பில் வையுங்கள். பாகப்பிரிவினை வழக்கு கடைசி வழி. இந்த வீட்டை ஏழாகக் கீற முடியாது. நீதிமன்றம் விற்கச் சொன்னால் வாங்குகிறவர் இடிக்கத்தான் வாங்குவார்.

ஒருவர் தன் பங்கை வெளியாருக்கு விற்கப் புறப்பட்டால், வடபகுதித் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமை பொருந்துமிடத்தில் கூட்டு உரித்தாளருக்கு அதை முதலில் வாங்கும் உரிமை உண்டு. பலருக்கு இது விற்று முடிந்த பிறகே ஞாபகம் வருகிறது.

"அடிச்சுவரில் உப்புப் பூக்கிறது. சீமெந்து பூசினால் நிற்குமா?"

நிற்காது. மேலே ஏறும். என்னிடம் வந்த கேள்விகளில் அதிகம் வந்தது இதுதான். அதிகக் காசு வீணானதும் இதில்தான்.

பழைய சுவர் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும், கரையோரமாயின் முருகைக்கல்லும் (பவளக்கல்). அதன் அடியில் ஈரம் தடுக்கும் படை இல்லை. நிலத்து நீர் சுவரில் ஏறும், சுண்ணாம்புப் பூச்சின் வழியாக ஆவியாகிப் போகும். போகும்போது கரைந்து வந்த உப்பை விட்டுவிட்டுப் போகும். சுண்ணாம்புப் பூச்சு அந்த உப்பை வாங்கித் தானே உதிரும், சுவர் தப்பும். சீமெந்து பூசினால் ஈரத்துக்கு வெளியேற வழி இல்லை. பூச்சுக்கு மேலே உள்ள இடம்வரை ஏறி அங்கே வெடிக்கும். உள்ளே செங்கல் மாவாகும். மூன்றடிக்குப் பூசியவர் ஐந்து ஆண்டில் ஐந்தடிக்குப் பூசுவார்.

வேறொரு காரணத்தையும் பாருங்கள். தெருவுக்குத் தார் மேல் தார் போட்டு உயர்த்தியிருப்பார்கள். உங்கள் விறாந்தை ஒரு காலத்தில் தெருவுக்கு மேலே இருந்தது, இன்று கீழே. மாரி வெள்ளம் உள்ளே சாய்கிறது. முதலில் வடிகால், பிறகுதான் பூச்சு. சீமெந்தைச் சுவருக்கு நோகாமல் கொத்தி எடுங்கள். உப்பைக் கழுவாதீர்கள், காய்ந்த தூரிகையால் தட்டிக் கூட்டி அள்ளுங்கள். ஒரு கோடை காய விடுங்கள். பிறகு ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல், மெல்லிய படைகளாக. சோளகக் காற்று (தென்மேற்குப் பருவக்காற்று) வீசும் மாதத்தில் பூசாதீர்கள். காற்று ஈரத்தை உறிஞ்சி ஒரே நாளில் வெடிக்க வைக்கும். தை, மாசி நல்லது. ஈரச்சாக்குத் தொங்கவிட்டு ஒரு கிழமையாவது காப்பாற்றுங்கள். மேலே வெள்ளையடிக்க வேண்டும், பிளாஸ்டிக் போல மூடும் பெயின்ற் கூடாது.

"சுண்ணாம்புக்கு எங்கே போவது? பவளப்பாறை எடுக்கத் தடையாமே?"

தடைதான், நல்ல தடை. கரையில் பவளம் அகழ்வதும் சூளை வைப்பதும் கரையோரப் பாதுகாப்புச் சட்டத்துக்கு மாறு. உள்நாட்டுச் சுண்ணாம்புக் கல்லில் சுட்டது கடையில் கிடைக்கும். தூளாக வருவதையும் தண்ணீரில் ஊறவைத்து, மூடி, சில கிழமை விட்டு எடுத்தால் வேலைக்கு இழைவாக இருக்கும். எங்கள் மேசன் முதல் நாள் முகம் சுளித்தார். மூன்றாம் நாள் தன் தகப்பன் இப்படித்தான் செய்தார் என்று கதை சொல்லத் தொடங்கினார்.

"பனஞ்சலாகை உக்கிவிட்டது. இரும்புச் சட்டம் போட்டுத் தகரம் அடித்தால் செலவு குறையுமே?"

முதல் செலவு குறையும். பங்குனி, சித்திரையில் அந்தத் தகரத்தின் கீழ் படுத்துப் பாருங்கள். வரிசையில் ஒரு வீடு மட்டும் கூரையை உயர்த்தினாலோ தாழ்த்தினாலோ இரண்டு கூரையும் சேரும் இடத்தில் தண்ணீர் தேங்கும். அது விழுவது நடுச்சுவரின் தலையில். முழுச் சலாகையும் உக்குவது குறைவு. சுவருக்குள் புதைந்த தலைதான் உக்கும், கறையானும் அங்கேதான் ஏறும். அந்தத் தலையை வெட்டி வைரம் பாய்ந்த பழைய பனைத் துண்டை ஒட்டலாம். புதிதாகப் பனை தறிக்க அனுமதி வேண்டும் என்பதால் இடிக்கும் வீடுகளில் விலைக்குத் தேடுங்கள். புரட்டாதி முடியமுன் பீலியில் சருகு அள்ளுங்கள். இதைவிட மலிவான மரபுரிமைப் பாதுகாப்பு உலகத்தில் இல்லை.

"முற்றத்தை மூடி ஒரு அறை எடுத்தால் என்ன?"

முதல் கேள்விக்குச் சொன்ன விடையைப் பாருங்கள். மூடினால் பகலிலும் விளக்கு, காற்றாடி. உப்புச் சுவரும் காயாது. மழைக்குத்தான் பயமென்றால் நான்கு பக்கமும் காற்றுப் போக இடைவெளி விட்டு உயரத்தில் ஒரு கூரை போடுங்கள்.

"சன்னம் பட்ட துளைகளை அடைப்பதா, விடுவதா?"

இரும்புச் சிதறல் உள்ளே இருந்தால் எடுத்துவிடுங்கள். துருப்பிடித்து ஊதிப் பூச்சை உடைக்கும். மழை படும் பக்கத் துளைகளைச் சுண்ணாம்பால் அடையுங்கள். மற்றது உங்கள் விருப்பம். எங்கள் வீட்டில் ஒன்பது இருந்தன. எட்டை அடைத்தேன். சாமியறைக் கதவு நிலையில் உள்ளதை அம்மா தொட விடவில்லை.

"மலசலகூடக் குழி வெட்டும்போது ஏதாவது வந்தால்?"

இரும்பாக, உருண்டையாக, தெரியாத பொருளாக வந்தால் கை வைக்காதீர்கள். ஆட்களை விலக்கி, கிராம அலுவலருக்கும் பொலிசுக்கும் சொல்லுங்கள். பழைய நாணயம், பானை, சிலை என்றால் அதையும் அறிவிக்க வேண்டும். மண்ணுக்குள்ளிருந்து வரும் தொல்பொருள் காணிக்காரனுடையது ஆகாது. புதையல் என்று இரவில் தோண்டுவது குற்றம். சுவருக்குப் பக்கத்தில் தோண்டினால் அத்திவாரமும் போகும்.

"கொழும்பிலிருந்து வந்து பழைய கதவுக்கும் தூணுக்கும் நல்ல விலை கேட்கிறார்கள். விற்கலாமா?"

பாதுகாக்கப்பட்டதாக அறிவிக்காத வீடு என்றால் நீங்கள் விற்பதைத் தடுக்கச் சட்டம் இல்லை. அவை நாட்டை விட்டுப் போவதற்குத்தான் 1988 ஆம் ஆண்டின் 73 ஆம் இலக்கப் பண்பாட்டு ஆதனச் சட்டம் குறுக்கே நிற்கிறது. ஆனால் கடைப் பலகைக் கதவை விற்கமுன் அதன் பின்பக்கம் பாருங்கள். ஒவ்வொரு பலகையிலும் இலக்கம் வெட்டியிருக்கும். ஒன்று மாறினால் மற்றது தவாளிப்பில் இறங்காது. எங்களுடையதில் நான்காம் இலக்கம் தமிழில், மற்றவை உரோம எழுத்தில். ஏன் என்று தெரிந்தவர் யாரும் உயிரோடில்லை.

"பக்கத்து வீட்டை இடித்துவிட்டார்கள். எங்கள் நடுச்சுவர் வெளியே நிற்கிறது. இப்போது என்ன செய்ய?"

இது எங்களுக்கே நடந்தது. வரிசையின் கடைசி வீட்டை வெளியூரார் ஒருவர் வாங்கி ஒரு கிழமைக்குள் இயந்திரம் வைத்து இறக்கினார். மேலே சொன்ன தாள் எங்களிடம் இல்லை. அன்றே படம் எடுங்கள், சபைக்கு எழுத்தில் கொடுங்கள், சட்டத்தரணியைப் பாருங்கள். ஆனால் மழை கடிதத்துக்குக் காத்திராது. அந்தச் சுவர் இத்தனை ஆண்டும் இரண்டு வீட்டுக்கும் உள்சுவராக இருந்தது, அதற்கு மழை தெரியாது. வளை புதைந்திருந்த துளைகளை அன்றே கல்லும் சுண்ணாம்பும் கொண்டு அடையுங்கள். சுவரின் தலையில் தண்ணீர் இறங்காதபடி ஓட்டுக் கரையைக் கட்டுங்கள். உதைகால் கொடுத்து, ஒரு பொறியியலாளரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

எங்களுக்கு அது ஐப்பசி. பூச நேரமில்லை. நாலு வீட்டாரும் சேர்ந்து, தெரு முகத்திலிருந்து கிணற்றடிவரை அந்தச் சுவரை முழுதாகக் கிடுகு கட்டி மூடினோம். பூசியது அடுத்த தையில்.